அட்டவணையில் இல்லாத நாடு

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி பறந்த கடைசி வருஷம் அது. என் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். கடல் தாண்டி இந்தோசீனாவில் சண்டையில் இருந்தார். இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெருக்கிய வாசலையே மறுபடி பெருக்குவேன். உலையை வைத்துவிட்டுத் தபால்காரர் வருகிறாரா என்று தெருவுக்கு ஓடுவேன். சோறு குழைந்து கிடக்கும்.

மாமனார் மட்டும் அசையவில்லை. துறைமுக ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் தடிமனான ஒரு பிரெஞ்சுப் புத்தகம் இருந்தது. எந்த நாட்டுக்கு எத்தனை சிப்பாய், எத்தனை கப்பல், எத்தனை விமானம் என்று அதில் ஓர் அட்டவணை. என் முகம் வாடினால் போதும், அதைப் பிரித்துவிடுவார்.

“நாம நாலாவது எடம்மா. ஒலகத்துலயே நாலாவது! அவனுக்கு ஒண்ணும் ஆவாது.”

தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டிப் போன ஒரு காலையில் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. “அவரோட சண்ட போடுறவங்க எத்தனாவது எடம், மாமா?” என்று கேட்டேன்.

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். பக்கத்தைத் திருப்பினார். கடைசி வரிவரை போய்விட்டுச் சிரித்தார்.

“பேரே இல்லம்மா. வரிசையிலயே வராத ஆளுங்க. இன்னும் என்ன பயம்?”

எனக்கு அதுதான் பயமாக இருந்தது. எத்தனை பேர், கையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று யாருமே எண்ணிப் பார்க்காதவர்களோடு அல்லவா என் கணவர் மோதிக்கொண்டிருக்கிறார்! சொன்னால் மாமா அசடு என்பார். அடுப்படிக்குப் போய்விட்டேன்.

கோடையில் செய்தி வந்தது. மலைகளுக்கு நடுவே இருந்த பெரிய பிரெஞ்சு முகாம் விழுந்துவிட்டது, உள்ளே இருந்தவர்கள் கைதிகள் என்றார்கள். அதன்பிறகு மாமனார் புத்தகத்தைத் தொடவில்லை. தபால் நேரத்துக்கு அவரும் என்னோடு தெருவில் வந்து நின்றார்.

ஊரில் கொடி மாறி, மழையும் விட்ட பிறகு, கைதியாக இருந்து விடுபட்டு என் கணவர் வந்து சேர்ந்தார். மெலிந்து பாதி உடம்புதான் மிச்சம். அழுதுகொண்டே சோறு போட்டேன். மாமனாருக்குப் பொறுக்கவில்லை.

“அவங்ககிட்ட அப்புடி என்னதாண்டா இருந்துச்சு?”

“சைக்கிளுப்பா. அரிசி மூட்டைய சைக்கிள்ல கட்டித் தள்ளிட்டே வந்தாங்க. பீரங்கியக் கழட்டி மலை மேல இழுத்துட்டுப் போனாங்க.”

 மாமனார் எழுந்துபோய்ப் புத்தகத்தை எடுத்து வந்து, அட்டவணையைப் பிரித்து, பேனாவைத் திறந்தார்.

“எத்தனாவதா எழுதட்டும்?”

என் கணவர் இலையிலிருந்து தலை நிமிரவில்லை.

“எங்களுக்கு மேல எழுதுங்கப்பா.”