கங்கம்மா இருக்கிற படம்

அவர் பெயர் கங்கம்மா. இதை முதல் வரியிலேயே போட்டுவிடுகிறேன். இந்த ஒன்றை நிரூபிக்கத்தான் நாங்கள் இரண்டு பேரும் மாதக்கணக்கில் நாயாய் அலைந்தோம்.

செம்பாக்கத்தில் ஏரிப் பக்கம் போகிற தெருவில் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். ஆதார் பிரிண்ட், வில்லங்கச் சான்று, பள்ளிக்கூடத்துப் ப்ராஜெக்ட் எல்லாம் உண்டு. கங்கம்மா அக்கா எதிர்ச் சந்தில் குடியிருப்பவர். பதினோரு வருடம் துப்புரவு வேலை பார்த்தவர். எந்த நகராட்சி என்று எழுத மாட்டேன், எழுதினால் கடைக்கு ஆள் அனுப்புவார்கள். அதுவும் நகராட்சி நேரடியாகக் கொடுத்த வேலை இல்லை, காண்ட்ராக்ட். காண்ட்ராக்டர் இரண்டு வருடத்துக்கு ஒரு கம்பெனிப் பெயரில் வருவார். ஆள் என்னவோ அதே ஆள்தான்.

அங்கே ஒரு வழக்கம். புதிதாக யாரையும் பதிவேட்டில் ஏற்ற மாட்டார்கள். ஒருவர் நின்றுவிட்டால் அந்த இடத்தில் புது ஆளை நிறுத்திவிடுவார்கள். அட்டை, கையுறை, பெயர் எல்லாம் சேர்த்தே கைமாறும். தாயாரம்மாள் என்ற அம்மா மகனோடு ஓசூருக்குப் போனபோது, அவருடைய அடையாள அட்டை கங்கம்மாவின் கழுத்துக்கு வந்தது. அட்டையிலிருந்த போட்டோ தண்ணீர் பட்டு வெளுத்துப் போயிருந்ததால் யாருக்கும் உறுத்தவில்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் மேஸ்திரி "தாயாரம்மா" என்று கூப்பிடுவார். அக்கா "கீறேன் சார்" என்பார்.

போன வருடம் முதுகு பிடித்துக்கொண்டு பத்து நாள் வேலைக்குப் போகவில்லை. திரும்பிப் போனால் அட்டை வேறு ஒரு பெண்ணின் கழுத்தில் தொங்குகிறது. மேஸ்திரி இவரைப் பார்த்து, "யாரும்மா நீ?" என்று கேட்டிருக்கிறார். பதினோரு வருடம் முகத்துக்கு முகம் பார்த்த மனுஷன்.

அஸ்தினாபுரத்து வக்கீல் ஜீவானந்தம் ஃபீஸ் வாங்காமல் வழக்குப் போட்டார். வேலையைத் திருப்பிக் கொடு, நிரந்தரமாக்கு என்பதுதான் வழக்கு. எதிர்த்தரப்பு ஒரே வரியில் பதில் கொடுத்தது: கங்கம்மா என்று எங்களிடம் யாரும் வேலை செய்ததே இல்லை. பதிவேடும் அதைத்தான் சொன்னது. தாயாரம்மாள் ஓசூரில் இறந்து மூன்று வருடமாகிறது. கூட வேலை பார்த்தவர்கள் சாட்சிக்கு வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பாதிப் பேர் கழுத்தில் தொங்குவதும் அடுத்தவர் பெயர்தான்.

அப்போதுதான் அக்காவுக்கு அந்தப் படம் ஞாபகம் வந்தது. பெருவெள்ளத்துக்கு அடுத்த வருடம் துப்புரவுத் தொழிலாளர்கள் ஆறு நாள் ஸ்ட்ரைக் செய்தார்கள். டெல்லியிலிருந்து கேமராவோடு ஒரு குழு வந்தது.

"எல்லாத்தையும் சொன்னேன் தம்பி. மூஞ்சில கட்டிகினு இருந்த துண்ட அவுத்துட்டு சொன்னேன். எம் பேரு கங்கம்மா, கார்டுல கீற பேரு வேற, ஏன் இப்டி பண்றாங்கன்னு ஒரு மணி நேரம் சொல்லிகினு இருந்தேன்."

ஜீவானந்தம் சார் நிமிர்ந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார். "வில்பிரட், அது மட்டும் கிடைச்சா போதும். கேஸ் நம்ம பக்கம்" என்றார்.

படத்தின் பெயர் அக்காவுக்குத் தெரியாது. சமூக நீதிப் போராட்டங்களைப் பற்றிய ஆவணப்படங்களை எல்லாம் சேர்த்து வைத்திருக்கும் இணையக் காப்பகம் ஒன்று இருக்கிறது. உள்ளே போக வேண்டுமானால் எதற்காகப் பார்க்கிறீர்கள் என்று கேட்கும். ஆய்வா, பாடம் நடத்தவா, திரையிடவா? படத்தில் இருக்கிற ஆளே வந்து கேட்டால் என்ன செய்வது என்று அவர்கள் யோசித்திருக்கவில்லை. ஆய்வு என்று போட்டேன். அடுத்து எந்தப் பிரிவு? தொழிலாளர், சாதி, பெண்கள், சுற்றுச்சூழல். அக்கா நாலிலும் வருவார். தமிழில் அடித்தால் ஒன்றும் கிடைக்கவில்லை, ஆங்கிலத்தில் ஸ்ட்ரைக் என்று அடித்தால் ரயில்வே ஸ்ட்ரைக் வந்தது. வேறு வழியில்லாமல் ஒவ்வொரு படமாகப் போட்டுப் பார்த்தோம். அக்கா இப்போது கோவிலம்பாக்கத்தில் ஒரு அபார்ட்மென்டில் படி கூட்டுகிறார். மத்தியானம் வேலை முடிந்ததும் நேராகக் கடைக்கு வந்துவிடுவார்.

அணைக்கட்டில் மூழ்கிய ஊர், சுரங்கத்துக்குப் போன காடு, இடித்துத் தள்ளிய குடிசைகள். தான் வந்த வேலையையே மறந்து அக்கா உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு படம் முடிந்ததும் கேட்பது ஒரே கேள்வி.

"அப்பால இன்னா ஆச்சு? அந்தப் பொம்பளைக்கு வூடு குட்த்தாங்களா?"

அது எந்தப் படத்திலும் இல்லை. கடைசியில் எல்லோரும் கோஷம் போட்டுக்கொண்டு நடப்பார்கள், நன்றி சொல்லிப் பெயர்கள் ஓடும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். படம் எடுத்த புண்ணியவான்கள் ஒரு போன் போட்டு விசாரித்து ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

இருபதாவது படத்தில் அக்கா வந்தார். மொத்தப் படம் ஐம்பத்திரண்டு நிமிடம், அதில் அவர் நாற்பது விநாடி. மூக்கையும் வாயையும் மூடித் துண்டு கட்டியிருக்கிறார். கண் மட்டும் தெரிகிறது. பிறகு கை, துடைப்பம், கழுத்தில் ஆடும் அட்டை. அவர் பேசிய ஒரு வார்த்தைகூட இல்லை. வீணை வாசிக்கிறார்கள், மேலே ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் இவர்கள் குரலற்றவர்கள் என்கிறது. கீழே எழுத்து ஓடுகிறது: தாயாரம்மாள், துப்புரவுத் தொழிலாளி. அட்டையைப் பார்த்து எழுதிவிட்டார்கள்.

அக்கா திரையில் தெரிந்த துண்டைக் காட்டினார்.

"பேசி முட்ச்சப்பறம் படம் புட்ச்ச பொண்ணுதான் சொல்லிச்சு தம்பி, துண்ட மறுபடியும் கட்டிக்கோங்கம்மா, அதான் நல்லா கீதுன்னு."

வெட்டிய பகுதியைக் கேட்டுக் காப்பகத்துக்கு எழுதினேன். அது தங்களிடம் இல்லை, இயக்குநரிடமும் இல்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. சரி, பெயரையாவது திருத்துங்கள், அது கங்கம்மா என்று எழுதினேன். அதற்கும் மரியாதையாகவே பதில் வந்தது. குறிப்பிட்ட காலத்தில் கங்கம்மா அங்கே வேலை செய்தார் என்பதற்கு, வேலை கொடுத்தவரிடமிருந்து சான்று வாங்கி இணைக்க வேண்டுமாம். அதைப் படித்துக் காட்டியபோது ஜீவானந்தம் சார் மேஜையில் கையை ஓங்கித் தட்டினார். பிறகு, "இந்தப் படத்தை நாம கோர்ட்ல காட்டக்கூடாது, அவங்க பதிவேட்டுக்குத்தான் சாட்சியாகும்" என்றார்.

ஐப்பசி மழையில் வழக்குத் தள்ளுபடியானது. போதிய ஆதாரம் இல்லை.

மறுநாள் அக்கா கடைக்கு வந்து அந்தப் படத்தைப் போடச் சொன்னார். படத்துக்குக் கீழே பார்த்தவர்கள் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டச் சொன்னார். தாயாரம்மாவுக்கு என் வணக்கம் என்று ஒருவர். அந்தக் கண்களை மறக்க முடியவில்லை என்று இன்னொருவர்.

"நானும் எய்தலாமா தம்பி?"

"எழுதலாம்க்கா. என்ன போட?"

"அந்தப் பொம்பளைக்கு வேல போய்ட்ச்சின்னு போடு. பாக்கறவங்க அப்பால இன்னா ஆச்சுன்னு கேப்பாங்கல்ல."

அடித்தேன். கீழே எழுதுபவர் பெயர் என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. யார் பெயரில் போடுவது என்று கேட்டேன்.

"தாயாரம்மான்னே போடு. எம் பேர்ல போட்டா அதுக்கும் சீட்டு கேப்பாங்க."

அப்படியே போட்டு அனுப்பினேன். மறு நிமிடமே ஏற்றுக்கொண்டார்கள். ஆதாரம் எதுவும் கேட்கவில்லை.