அம்மி மிதித்த கால்

என் கலியாணம் ஏன் முறிந்தது என்று கேட்பவர்களுக்கு நான் ஒரே பதிலைத்தான் வைத்திருக்கிறேன்: ஒத்துவரவில்லை. கோர்ட்டுக்கு எழுதிக் கொடுத்ததிலும் அதையேதான் கொஞ்சம் பெரிய சொற்களில் எழுதியிருந்தார்கள். குதிக்கால் என்று எழுதியிருந்தால் நீதவான் சிரித்திருப்பார். ஆனால் உண்மையான காரணம் அதுதான். என் வலது குதிக்கால்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் எட்டுப் பரப்பில், அரை ஏக்கர் வரும், செம்பாட்டுத் தோட்டம் இருக்கிறது. வெங்காயம், பீற்றூட், கரையோரம் கொஞ்சம் மிளகாய். அப்பாவுக்கு முழங்கால் இயலாது. இறைப்பு மெஷினைப் போட்டுத் தண்ணீர் விடுவதோடு அவர் வேலை சரி. நடுவது, புல்லுப் பிடுங்குவது, விளைந்ததைக் கிண்டி எடுப்பது எல்லாம் அம்மாவும் நானும். வாய்க்கால் ஈரத்தில் நின்ற கால் கரையேறினால் வெயிலில் காயும். காய்ந்த கால் மறுபடி ஈரத்துக்குள் இறங்கும். ஒரு நாளைக்குப் பத்துத் தரம் இப்படி நடந்தால் எந்தத் தோல்தான் தாங்கும்? செருப்போடு இறங்கினால் செருப்புச் சேற்றில் புதையும், பாத்திக் கட்டும் உடையும். அதனால் எல்லோரும் வெறுங்காலோடுதான். வெடிப்புக்குள் போன செம்மண் எந்தச் சவர்க்காரத்துக்கும் வெளியே வராது. வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாலும் குதிக்கால் நாங்கள் யார் என்று சொல்லிவிடும்.

அப்படித்தான் சொல்லியும் விட்டது. கனடா மாப்பிள்ளையின் தாய் என்னைப் பார்த்தது நல்லூர்க் கோயிலில். வீட்டுக்கு வந்து பார்ப்பதை விட அதுதான் நாகரிகம் என்று தரகர் சொல்லியிருந்தார். கும்பிட்டு முடித்து வெளிவீதி சுற்றும்போது அந்த மாமி என்னை முன்னால் போகவிட்டுத் தான் பின்னால் வந்தார். மரியாதைக்கு விடுகிறார் என்று நான் நினைத்தேன். முகத்தை முன்னால் நின்று பார்த்தவர், காலைப் பின்னால் நடந்து பார்த்திருக்கிறார். இரண்டு நாள் கழித்துத் தரகர் மூலம் பதில் வந்தது. பிள்ளையைப் பிடித்துக்கொண்டதாம். குதிக்கால் மட்டும் தோட்டக்காரக் கால் மாதிரிக் கிடக்கிறதாம். கலியாண வீடியோவில் அம்மி மிதிக்கிறதைக் கிட்டவாக எடுப்பார்களாம், அதற்கு முதல் காலைச் சரிப்படுத்திக்கொள்ளட்டுமாம்.

தோட்டக்காரரின் பிள்ளைக்குத் தோட்டக்காரக் கால் இல்லாமல் வேறென்ன கால் இருக்கும்? இதை நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. குழம்பிப்போன சம்பந்தங்கள் நாலு. வெட்கப்பட்டுக் காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டேன். அந்த வெட்கத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது.

கலியாணத்துக்கு மூன்று மாதம் இருந்தது. அம்மா அடுத்த நாளே என்னைத் தோட்டத்துக்குள் இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சாமியறை இருக்கிற வீட்டுக்குள் செருப்பை வாசற்படி தாண்டவே விடாதவர், புதிதாக ஒரு சோடி றப்பர்ச் செருப்பு வாங்கி, கழுவி, வீட்டுக்குள் போடு என்று தந்தார். வெறுஞ்சீமெந்தில் நடந்தால் ஆறுகிற தோல் மறுபடியும் கிழியும் என்றார்.

பின்னேரம் விளக்கு வைத்த பிறகு வைத்தியம் தொடங்கும். வாளியில் இளஞ்சூட்டுத் தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு. கால்மணித்தியாலத்துக்கு மேல் வைக்க விடமாட்டார். ஊறிக்கொண்டே கிடந்தால் தோலில் இருக்கிற எண்ணெய்ப்பிடியும் போய்விடும், கொதிநீர் என்றால் இன்னும் மோசம் என்பார். பிறகு கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய், உடுப்புத் தோய்க்கிற கல்லில் குதிக்காலை மெதுவாக ஒரே பக்கமாக உரஞ்சச் சொல்வார். ஒரு நாளைக்குக் கொஞ்சம்தான். பிறகு பழைய துவாயால் ஒற்றி எடுத்து, ஈரப்பதம் முழுக்கப் போவதற்கு முன்னமே பூசிவிடுவார். தேங்காயெண்ணெயில் தேன்மெழுகை உருக்கி ஆறவைத்தது அது. வெடிப்பு ஆழமாக இருந்த நாட்களில் கொஞ்சம் இலுப்பெண்ணெயும் சேர்ப்பார். அந்த மணத்தோடு நான் சாப்பிட உட்கார்ந்தால் அப்பா எழும்பி முற்றத்துக்குப் போய்விடுவார். பூசி முடிந்ததும் பள்ளிக்கூடக் காலத்து வெள்ளைச் சொக்ஸைப் போட்டுவிடுவார். கலியாணப் பெண் நான், பள்ளிக்கூடச் சொக்ஸோடு படுத்தேன்.

வீடியோவுக்காகத்தான் இந்தப் பாடு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கால் அம்மாவின் மடியில் இருக்கிற அந்த நேரம் எனக்குச் சந்தோசமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஒன்றரை மாதத்தில் சின்ன வெடிப்புகள் மூடின. வலது குதிக்காலின் ஓரத்தில் இருந்த ஆழமானது மட்டும் கடைசிவரை அடம்பிடித்தது. மூன்று மாதம் முடிய அதுவும் ஒரு வெள்ளைக் கோடாகப் போய்விட்டது. என் பங்கு வேலையையும் சேர்த்துத் தோட்டத்தில் யார் செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. வெங்காயம் நட்டது, புல்லுப் பிடுங்கியது, எல்லாம் தன்பாட்டில் நடந்த மாதிரித்தான் இருந்தேன்.

கலியாணத்துக்கு முதல் நாள் மாமி ஒழுங்கு செய்த அலங்காரப் பெண் வந்தாள். என் முகத்தையும் கையையும் முடித்துவிட்டுக் காலைப் பார்த்தாள். கோடு தெரிகிறது, எடுத்துவிடலாம் என்று பிளேட் பூட்டிய ஒரு கருவியை எடுத்தாள். அம்மா பக்கத்தில் நின்று, பிளேட் வேண்டாம், அது இளந்தோல், இப்போதுதான் மூடினது என்றார். அந்தப் பெண் மாமிக்குப் போன் எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள். மாமி என்ன சொன்னார் என்று தெரியாது. அம்மா ஓம், ஓம் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். சான்ட்விச்சுக்குப் பாணின் கரையை வெட்டுகிற மாதிரி என் குதிக்காலை அவள் சீவினாள். வழுவழு என்றுதான் வந்தது.

அடுத்த நாள் மண்டப வாசலில் சூடேறின சீமெந்தில் வெறுங்காலோடு வரவேற்புக்கு நின்றேன். உள்ளே போய் அக்கினிக்குப் பக்கத்தில் இருந்தேன். தாலி கட்டி முடிந்து எழும்பி நடக்கும்போது அந்தப் பழைய கோடு வாய் திறந்தது. மாப்பிள்ளை என் காலைத் தூக்கி அம்மியில் வைத்தபோது அவருடைய விரலில் ரத்தம் பட்டது. அவர் குனிந்தபடியே அதை வாழையிலைத் துண்டில் துடைத்தார். மாமி கமெராக்காரரிடம் போய் ஏதோ சொல்வது தெரிந்தது. அறைக்குள் போய்க் கூறைச் சேலையை மாற்றியதும், மாப்பிள்ளையின் தங்கச்சி, எனக்குத் தோழியாக நின்றவள், அந்தக் கூறையையும் மெட்டியையும் வாங்கிக்கொண்டு வெளியே போனாள். மடித்து வைக்கக் கொண்டுபோகிறாள் என்று நினைத்தேன். நல்ல பிள்ளை என்றும் நினைத்தேன்.

இருபது நாளில் மாப்பிள்ளை கனடாவுக்குத் திரும்பிவிட்டார். நான் அவர் என்னை அங்கே கூப்பிடுவதற்கான ஸ்பொன்சர் படிவங்களோடு அம்மா வீட்டில் இருந்தேன். எல்லாவற்றிலும் ஒப்பம் வைத்துவிட்டு, கடைசிப் படிவம் ஒன்று மட்டும் மிச்சம் இருந்த நேரத்தில் வீடியோ வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் ரிவியில் போட்டுப் பார்த்தோம். அம்மி மிதிக்கிற இடத்தில் திரை முழுக்க ஒரு கால் வந்தது. கூறையின் கரை, அதன் கீழே றோஸ் நிறத்தில் குதிக்கால், விரலில் மெட்டி. ஒரு கோடு இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. கமெராக்காரர் கெட்டிக்காரர், ரத்தத்தை எடுத்துவிட்டார் என்று நினைத்தேன். என் கால் இவ்வளவு வடிவா என்று உள்ளுக்குள் பெருமையும் பட்டேன். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

அம்மா திருப்பிப் போடச் சொன்னார். போட்டேன். இன்னொரு தரம் கேட்டார், போட்டேன்.

"உது உன்ரை கால் இல்லைப் பிள்ளை."

கமெராவில் அப்படித்தான் தெரியும், வெளிச்சம் போட்டு எடுத்தது என்று நான் சொன்னேன். எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்ததால் கொஞ்சம் எரிந்துதான் சொன்னேன்.

"உன்ரை சின்ன விரல் உள்ளுக்கு மடிஞ்சிருக்கும். உது நேரா நிக்குது. மூண்டு மாசம் என்ரை மடியிலை கிடந்த கால் எனக்குத் தெரியாதே?"

நான் குனிந்து என் காலைப் பார்த்தேன். சின்ன விரல் மடிந்துதான் இருந்தது. தோழி என் கூறையையும் மெட்டியையும் எதற்குக் கொண்டுபோனாள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நிறுத்த மறந்த வீடியோ தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. பெற்றோர் அறுகரிசி போட்டு ஆசீர்வதிக்கிற காட்சி வந்தது. அம்மா எங்கள் தலையில் அரிசியைத் தூவக் குனிகிறார். பின்னாலிருந்து எடுத்திருந்தார்கள். மயில்நீலப் பட்டுச் சேலைக்குக் கீழே அம்மாவின் இரண்டு குதிக்கால்களும் தெரிந்தன. காய்ந்த குளத்து மண் மாதிரிப் பிளந்து, ஒவ்வொரு பிளவுக்குள்ளும் செம்மண். இடது குதிக்காலில் பிளாஸ்டர் ஒன்று பாதி கழன்று தொங்கியது. என் பங்கு வெங்காயத்தை நட்ட கால்கள் அவை. மூன்று மாதம் ஒவ்வொரு பின்னேரமும் என் முன்னால் மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்த கால்கள். நான் ஒரு நாளாவது எட்டிப் பார்த்ததில்லை. அதை மாற்றி எடுக்க வேண்டும் என்று மாமிக்கும் தோன்றவில்லை. அம்மாவின் காலை யார் பார்க்கப் போகிறார்கள்?

அன்று பின்னேரம் நான் வாளியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் கொண்டுபோய் அம்மாவின் முன்னால் வைத்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டார். நாளைக்கும் மண்ணுக்குள் இறங்குகிற காலுக்கு இதெல்லாம் எதற்கு என்றார். பிடித்து வைத்துத்தான் கழுவினேன். பின்னேரங்களில் இப்போதும் அப்படித்தான், பிடித்து வைத்துத்தான்.

அடுத்த நாள் கனடாவில் இருந்து மாப்பிள்ளை போன் எடுத்தார். கடைசிப் படிவத்தை அனுப்பிவிட்டேனா என்று கேட்டார். வீடியோவில் இருப்பது யாருடைய கால் என்று நான் கேட்டேன். அவர் சிரித்தார்.

"அது தங்கச்சியின்ரை. உம்மடை காலிலை ரத்தம், வடிவா இராது எண்டு அம்மா சொன்னவ. காலைத்தானே மாத்தினது. ஆர் உதைப் பாக்கப் போகினம்?"

"என்ரை அம்மா பாத்தவ."

அதற்கும் அவர் சிரித்தார். அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுப் போனை வைத்தேன். கடைசிப் படிவத்தில் நான் ஒப்பம் வைக்கவில்லை. செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத் தோட்டத்துக்குள் இறங்கினேன். அம்மா ஏற்கெனவே அங்கே நின்றார்.