தெலுங்கு தெரியாத குடும்பம்

திருப்பதி பஸ் நிலையத்தில் நேற்று மழைக்கு ஒதுங்கியபோது, பக்கத்து மூட்டையிலிருந்து நனைந்த வேர்க்கடலையின் மண்வாசம் வந்தது. புத்தூர்ப் பக்கம் எங்கள் நிலத்தில் கழிந்த ஒரு சனிக்கிழமை நினைவுக்கு வந்தது.

எங்கள் ஊர் ஆந்திராவுக்கா, மெட்ராஸுக்கா என்று முடிவாகாத காலம்; யார் வீட்டில் என்ன மொழி என்று கணக்கெடுக்கப்போவதாகப் பேச்சு. புயலுக்கு முன் கடலையைப் பிடுங்கிவிடக் குடும்பமே வயலில் இறங்கியிருந்தது. மழை வலுத்தபோது, காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் வரப்பில் ஓடி வந்தார்.

"கணக்கெடுக்க வந்துகிறான்" என்றார் நைனா, என் அப்பா. "தெலுங்குல எவனும் வாயத் தொறக்காதீங்க. நம்மளயும் தெலுங்குன்னு எழுதிக்கினு பூடுவான்."

"செருவு கட்ட தெகுதோந்தி!" என்று காக்கிச் சட்டைக்காரர் கத்தினார். ஏரிக்கரை உடைகிறது என்பது எல்லோருக்கும் புரிந்தது. ஒருவரும் அசையவில்லை.

"இன்னா சொல்றாரு?" என்றார் சித்தப்பா அப்பாவியாக.

"இப்ப ஓடினா மாட்டிக்குவோம், சும்மா இரு" என்று நைனா முணுமுணுத்தார்.

அம்மா கடலைக் குவியலைப் பார்த்தாள். எங்கள் வருடச் சாப்பாடே அதுதான். "ஏ பக்கண்ணா?" என்று, எந்தப் பக்கம் என்பதைத் தெலுங்கில் கேட்டே விட்டாள். அவர் மேற்கே கை காட்டினார்.

பாதியை மேட்டில் சேர்த்தோம். அவரும் எங்களோடு சுமந்தார். மீதியை வெள்ளம் கொண்டுபோனது.

"எங்களை எப்படி எழுதிக்கொண்டாய்?" என்று நைனா கடைசியில் தெலுங்கிலேயே கேட்டார். தான் புதிதாக வந்த ஏரிக் காவல்காரன், எழுதப் படிக்கத் தெரியாது என்றார் அவர்.

அவர் போனதும் நைனா அம்மாவிடம் சொன்னார்: "படிக்கத் தெரியாதாம்! நம்மள மாதிரியே நடிக்கிறான் பாரு."