கிணற்றை இறைத்துக் காட்டிய நாள்

எழுபதுகளில் கேரள எல்லையிலுள்ள எங்கள் மீனாட்சிபுரம் பக்கம் அளக்கும் டேப்போடு யார் வந்தாலும் நிலத்தைப் பிடுங்கத்தான் வருகிறார்கள் என்று நம்பினேன். நில உச்சவரம்புச் சட்டம் வந்திருந்த நேரம். ஏணி வைத்தாலும் அந்த வரம்பை எட்டாத நிலம் என்னுடையது. பயத்துக்கு அதெல்லாம் தெரியுமா?

ஒரு சித்திரையில் நகரசபை இஞ்சினியர் வந்து, கோடையில் கிணற்றில் தண்ணீர் நிற்குமா என்று மலையாளம் கலந்த தமிழில் கேட்டார். நிற்கும் என்றால் வரியை ஏற்றிவிடுவாரோ?

"சொட்டுத் தண்ணி இருக்காதுங்க சார். பாறைதான் பல்லைக் காட்டும்" என்றேன். சொன்ன உருக்கத்தில் எனக்கே தொண்டை வறண்டது.

அவர் முகம் மலர்ந்தது. "அப்போ செரி. டவுன் குப்பை கொட்ட உங்க பக்கத்துப் புறம்போக்கைப் பாத்திருக்கோம். கிணறு கெடும்னு பேடிச்சேன். தண்ணியே இல்லைன்னா கெட என்ன இருக்கு?"

நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்தேன். "இருக்குங்க சார்! நெறைய இருக்குங்க!"

கிணற்றடிக்கு இழுத்துப் போய்க் காட்டினேன். ஆளுயரத்துக்குத் தண்ணீர் கிடந்தது. இப்போது சந்தேகம் அவருக்குத் தொற்றிவிட்டது.

"வாய்க்கால்ல இருந்து விட்டதா இருக்கும். மோட்டாரைப் போடுங்க. முழுசும் இறைச்சிட்டு, ஊறுதான்னு பாப்போம்."

என் மனைவி வாசலிலிருந்தே குரல் கொடுத்தாள். "ஏனுங்க, தென்னைக்கு எறைக்கச் சொன்னா நாளைக்கு நாளைக்குன்னீங்க. பொய் சொன்னாத்தான் மோட்டாரு ஓடுமாட்டம் இருக்குது!"

மதியத்துக்குள் கிணறு காலி. நான் சொன்ன பொய் கண்ணெதிரே உண்மையாகிக் கிடந்தது. பக்கத்துத் தோட்டத்து மோட்டார் என் ஊற்றை உறிஞ்சுகிறதோ? இஞ்சினியர் கீழே எதையாவது போட்டு அடைத்துவிட்டாரோ? அவரோ மர நிழலில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

கடைசியில் வடக்கு மூலைப் பாறை வெடிப்பு கசிந்தது. மாடு கறக்கும் நேரத்தில் முழங்காலளவு தண்ணீர். அவர் டேப்பை விட்டு அளந்தார்; நனைந்த நுனியைத் தடவிப் பார்த்தார்.

"இங்கே கொட்ட முடியாது" என்றார். எனக்கு மூச்சு வந்தது. "ஆனா ஊர்ல அத்தனை பேரும் தண்ணி இல்லைன்னுதான் சொன்னாங்க. இனி எல்லாக் கிணத்தையும் இறைச்சுப் பாக்கணும். வாங்க."

அடுத்த தோட்டத்துக்குப் போனோம். எங்களைக் கண்டதும் அங்கிருந்தவர் ஓடிப்போய் மோட்டார் அறையைப் பூட்டினார்.

இந்த ஆள் எதையோ மறைக்கிறானே என்று எனக்கே சந்தேகம் வந்தது.