நீல நூல் கட்டிய பூசணிப் பூக்கள்

தெருவில் அவளுக்கு 'மெஷின் அக்கா' என்றுதான் பெயர். பள்ளிச் சீருடை தைப்பது பிழைப்பு. லாரி ஓட்டிய கணவருக்குப் பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்து, பேச்சும் போய் மூன்று வருடமாகிவிட்டது. கண்ணை ஒருதரம் மூடினால் ஆமாம், இரண்டுதரம் மூடினால் இல்லை. குடித்தனமே அந்த இமையில்தான் நடந்தது.

கொல்லையில் குழி தோண்டி, எருப் போட்டு, கட்டைவிரல் ஆழத்தில் மூன்று பூசணி விதை ஊன்றினாள். கொடி கண்மண் தெரியாமல் ஓடியது. பிஞ்சுகள் மட்டும் வெம்பி உதிர்ந்தன. தேனீ எட்டிப் பார்த்தால்தானே? அதனால் விடிந்ததும் ஆண்பூவைப் பறித்து, பெண்பூவுக்குள் தானே தடவிவிட்டு, இதழ்களைக் கூட்டி நீல நூலால் கட்டிவிடுவாள்.

பிறகு நாலு நாள் காய்ச்சல். கணவருக்குக் கஞ்சி புகட்டுவதே பெரும்பாடாக இருந்தது. ஐந்தாம் நாள் கொல்லைக்குப் போனால், புதிதாகப் பூத்த ஆறு பெண்பூக்களும் கட்டப்பட்டிருந்தன. அதே நீல நூல். அவள் எப்போதும் போடாத இரட்டை முடிச்சு.

"நீ கட்டினியா?" என்று மதிலுக்கு அப்பால் நின்ற பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்டாள்.

"நல்லா கேட்டீங்க அக்கா! பூவுல ஆணு பொண்ணு இருக்குன்னே நீங்க சொல்லித்தான் தெரியும். உங்க கொல்லைக் கதவு நாலு நாளா திறக்கவே இல்லையே."

கணவருக்கு உடம்பு துடைக்கும்போது பார்த்தாள். விளங்காத வலது கையின் விரல்நுனியெல்லாம் மஞ்சள் பூந்தூள்.

"ஏங்க... நீங்களா?"

இரண்டுதரம் மூடினார்.

"பின்ன யாரு?"

அவர் அவள் தோளுக்குமேல், வாசற்படியைப் பார்த்தார். பார்வையில் துளி பயமில்லை. அதுதான் அவளைக் குலைநடுங்க வைத்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன்பின் பூக்களை அவள் தொடவில்லை. தினமும் காலையில் அவை கட்டியே இருந்தன. பதினோரு காய் இறங்கியது. கொடி காய்ந்ததும் வேரோடு பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டு, கைகழுவி உள்ளே வந்தாள். கணவரின் உதடு அசைந்தது. மூன்று வருடத்தில் முதல் வார்த்தை.

"போயிடாத."

"நான் எங்கங்க போறேன்? இங்கதானே இருக்கேன்!" ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. வாசற்படியிலிருந்து கிளம்பிய யாரையோ வழியனுப்புவதுபோல், அவர் கண்கள் மெல்ல நகர்ந்து கொல்லைக் கதவில் போய் நின்றன. ஓரத்தில் நீர் கோத்தது.

ஊட்டி, துடைத்து, புரட்டிப் படுக்கவைத்தவளுக்குக் கிடைக்காத வார்த்தை அது. நெஞ்சை அடைத்தது பயமா பொறாமையா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் அவர் பேசிவிட்டாரே.

அன்றே ஒரு காயை வெட்டி விதையைக் காயப்போட்டாள். ஒரு வாரம் கழித்து, பழைய குழியைத் திரும்பக் கிளறினாள்.