உள்ளங்கைச் சீனி

வெளிநாட்டில் படிப்பது சம்பளமில்லாத ஓர் உத்தியோகம். பாடம் படிப்பது அதில் பாதி வேலைதான். மீதி வேலை, "உங்க நாட்டுல இது இருக்கா? அது இருக்கா?" என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்வது. இந்தியாவில் படித்துவிட்டுப் பதுளைப் பக்கம் திரும்பி வந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. நீங்களும் பதில் சொல்லி அலுத்தவர்கள்தான். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் எல்லவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளான லயத்தில் வளர்ந்தவள். திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் மூன்று வருடம் தாவரவியல் படித்தேன். யோகேஸ்வரி என்ற என் பெயர் அங்கே வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும். விடுதியில் எல்லோருக்கும் நான் "சிலோன்".

சேர்ந்த நாள்

கல்லூரி அலுவலகத்தில் ஒரு கிளார்க், மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு என் கடவுச்சீட்டைப் புரட்டினார். "எந்த ஊரும்மா?" என்றார். "பதுளைங்க. இலங்கையில இருக்கு" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். சிலோன்காரர்கள் பேசும் தமிழ் எப்படி இருக்கும் என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. சினிமாவில் கேட்ட யாழ்ப்பாணத் தமிழ் அது. என் பேச்சு அதில் சேரவில்லை.

என் தாத்தாவின் தாத்தா இந்தப் பக்கத்திலிருந்துதான் தோட்ட வேலைக்குப் போனார், அவருடைய பேச்சைத்தான் நாங்கள் இன்னும் பேசுகிறோம் என்று பொறுமையாக விளக்கினேன். அவர் பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டு, "இன்னும் கொஞ்சம் பேசும்மா" என்றார். "என்னாங்க பேசறது?" என்று கேட்டேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். முத்திரையைக் குத்தி என்னிடம் நீட்டியபடி கிளார்க் சொன்னார்: "பாஸ்போர்ட்டைப் பாத்தா சிலோன், வாயைத் திறந்தா மணப்பாறை. இதுல எதை நான் நம்புறது?"

மின்விசிறி

எங்கள் தோட்டத்தில் சித்திரை மாதத்திலும் கம்பளி வேண்டும். ஆகவே பத்தொன்பது வயது வரை நான் மின்விசிறிக்குக் கீழே படுத்ததில்லை. விடுதி அறையில் என் கட்டிலுக்கு நேர் மேலே ஒன்று "கடக், கடக்" என்று ஆடிக்கொண்டே சுற்றியது. இன்னும் நாலு சுற்றில் கழன்று என் வயிற்றில் விழும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. மெத்தையை இழுத்துக்கொண்டு போய் மூலையில் போட்டு, வியர்த்து வடிந்துகொண்டு படுத்தேன்.

அறைத்தோழி வசந்தா முசிறிக்காரி, எனக்கு ஒரு வருடம் மூத்தவள். முதல் இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து, விசிறியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அது நான் வந்ததுலேருந்து அப்படித்தான் ஆடுது. என் மேலயே விழாதது, சிலோன்லேருந்து விருந்தாளி வந்திருக்கான்னு உன் மேலயா விழப் போவுது? வந்து படுடி."

தேயிலைப் பாடம்

இரண்டாம் பருவத்தில் தேயிலைச் செடி பற்றிய பாடம் வந்தது. பேராசிரியர் சுண்ணக்கட்டியை என் கையில் கொடுத்துவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ள வேண்டும். செடியை இடுப்பளவில் நிறுத்த வேண்டும். சில வருடத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்ட வேண்டும்; விட்டால் அது மரமாகிவிடும். மழை நாளில் அட்டையைப் பிடுங்கக் கூடாது, சவர்க்காரம் தேய்த்தால் தானே விழும். கடைசி விஷயம் பாடத்திட்டத்தில் இல்லையென்றாலும் எல்லோரும் அதைத்தான் குறித்துக்கொண்டார்கள்.

"வீட்ல நீங்க எந்த ரகம் குடிப்பீங்க?" என்று பேராசிரியர் ஆவலோடு கேட்டார். நல்ல ரகமெல்லாம் பெட்டியில் அடைபட்டுக் கப்பல் ஏறிவிடும், சலித்து மிஞ்சுகிற தூளைத்தான் தோட்டத்தில் எங்களுக்குக் கொடுப்பார்கள் என்றேன். அவர் சொன்னார்: "அடடா, சிலோன்காரங்கன்னா தினமும் ராஜா வீட்டு டீ குடிப்பாங்கன்னு நான் இத்தனை வருஷமா வீணாப் பொறாமைப்பட்டுட்டேனே!"

சீனி வேறு, தேத்தண்ணீர் வேறு

எங்கள் பக்கத்தில் பால் இல்லாத வெறும் தேத்தண்ணீரைக் குடிக்க ஒரு முறை உண்டு. சீனியைத் தேத்தண்ணீரில் கலக்கக் கூடாது. இடது உள்ளங்கையில் ஒரு கரண்டி சீனி அல்லது ஒரு துண்டு கருப்பட்டியை வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நக்கு, ஒரு மிடறு. மறுபடியும் ஒரு நக்கு, ஒரு மிடறு. கடைசி மிடறும் கடைசிச் சீனியும் ஒன்றாக முடிந்தால் நீங்கள் தேர்ந்தவர்.

விடுதியின் பால் தேநீர் எனக்குப் பாயசம் மாதிரி இருந்தது. ஒருநாள் துணிந்து சமையல்கட்டு ஜன்னலில் போய், பால் இல்லாமலும் சீனி தனியாகவும் கேட்டேன். சமையல்காரி பாக்கியம் அக்கா கண்டிப்பானவர், ஐம்பது வயதிருக்கும், சொந்த ஊர் மணப்பாறை என்பார்கள். இரண்டாவது கரண்டி சாம்பார் கேட்பவர்களை ஒரே பார்வையில் உட்கார வைத்துவிடுவார். என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். கொடுத்தார். நான் உள்ளங்கையை நக்கிக் குடிப்பதைப் பார்த்து மேசையே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. சட்டென்று உள்ளே திரும்பிவிட்டார். மறுநாளிலிருந்து நான் கேட்காமலே எனக்கு ஒரு தம்ளர் வெறும் தேத்தண்ணீரும், ஒரு சிறு கிண்ணத்தில் சீனியும் ஜன்னலில் காத்திருந்தன. வசந்தாவுக்குத் தாங்கவில்லை: "முசிறிக்காரி நான் ஒரு அப்பளம் கூடக் கேட்டா முறைக்குது. கடல் தாண்டி வந்தவளுக்குத் தனி டீயா? என்னடி மந்திரம் போட்ட?"

அரிசி மூட்டையின் மேல்

மந்திரம் என்னவென்று இரண்டாம் வருடம் தெரிந்தது. ஒரு பிற்பகல் தம்ளரைத் திருப்பிக் கொடுக்கச் சமையல்கட்டுக்குள் போனேன். பாக்கியம் அக்கா அரிசி மூட்டையின் மேல் தனியாக உட்கார்ந்திருந்தார். வலது கையில் வெறும் தேத்தண்ணீர். இடது உள்ளங்கையில் கருப்பட்டி. ஒரு நக்கு, ஒரு மிடறு. மணப்பாறையில் யாரும் அப்படிக் குடிப்பதில்லை. நான் நின்றேன். அவர் கையை மறைக்கப் பார்த்து, பிறகு மறைக்காமல் விட்டுவிட்டார்.

அவர் பிறந்தது எங்கள் பதுளைப் பக்கத்தில், ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தோட்டத்தில். பதினொரு வயதில், இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்களோடு தாய் தகப்பனுடன் வந்திருக்கிறார். அவருடைய அக்கா ராமாயிக்கு அதற்குள் கல்யாணம் ஆகியிருந்தது. புருஷனுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்ததால் அவள் அங்கேயே நின்றுவிட்டாள். இங்கே பள்ளிக்கூடத்திலும், பிறகு புகுந்த வீட்டிலும், "சிலோன்காரி" என்பது பெயராக இல்லை, வசவாக இருந்தது. அதனால் விடுதியில் வேலைக்குச் சேர்ந்தபோது சொந்த ஊர் மணப்பாறை என்று சொல்லிவிட்டார். "அக்கா ஒரு சீல கேட்டுக் காயிதம் போட்டுச்சு. அன்னிக்கு எங்கிட்ட கட்டியிருந்ததோட சேத்து ரெண்டுதான். அனுப்ப வழியில்ல, இல்லேன்னு எழுதவும் மனசு வரல. அதோட விட்டுப்போச்சு. அது அங்க ஒரே எடத்துல, மாசம் பொறந்தா சம்பளம்னு நல்லா இருக்கும்" என்றார். அடுத்த வாரம் நான் விடுமுறைக்கு ஊருக்குப் போவது அவருக்குத் தெரியும். கருப்பட்டியை வாயில் போட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "இருக்கா இல்லையான்னு மட்டும் பாத்துட்டு வா புள்ள. நான் சமையக்காரின்னு அதுகிட்ட சொல்லிறாத. நான் சிலோன்காரின்னு இங்க யாருகிட்டயும் சொல்லிறாத."

ஹாலிஎலவில்

அக்கா பிறந்த தோட்டத்துப் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்களிடம் விசாரித்தேன். இந்தியாவிலிருந்து ஒரு பிள்ளை வந்திருக்கிறது என்ற செய்தி, நான் லயத்துக்குப் போய்ச் சேருமுன் போய்ச் சேர்ந்துவிட்டது. வாசலில் பதினைந்து பேர். பட்டுச் சீலை அங்கே எவ்வளவு மலிவு? எல்லா வீட்டிலும் கார் உண்டா? தினமும் கோயிலில் சோறு போடுகிறார்களாமே? திருச்சியில் "சிலோன்" ஆக இருந்தவள், பத்து மைல் தள்ளிப் பிறந்தும்கூட, இங்கே "இந்தியாப் புள்ள" ஆகிவிட்டேன்.

ராமாயி அம்மா கடைசியாக வந்தார். பென்சன் வாங்கி மகனோடு இருக்கிறார். கொழுந்து கிள்ளிக் கிள்ளி விரல்களில் கறை ஏறியிருந்தது. உங்கள் தங்கை சுகமாக இருக்கிறார் என்றேன். அவர் படியில் உட்கார்ந்துகொண்டார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "ஒரு சீல கேட்டு எழுதுனேம்மா, அன்னிக்கோட பேச்சு நின்னுருச்சு. நான் கேட்டிருக்கக் கூடாது. மாடி வீட்டுல இருக்கிறவளுக்கு, இந்தத் தோட்டத்துக்காரி கையேந்துறாளேன்னு தோணியிருக்கும்ல?"

மடுவத்து மேட்டில்

மாடி வீடு இல்லை என்று சொன்னால் ஒரு வாக்குத் தவறும். சொல்லாவிட்டால் அந்தம்மாவின் மனக்குறை தீராது. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் எழுந்துவிட்டார். "போன்ல மொகம் தெரியுமாமே? அவளக் காட்டு" என்றார். சிக்னல் கிடைப்பது மேலே கொழுந்து நிறுக்கும் மடுவத்தடியில் மட்டும்தான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவரே முன்னால் ஏறினார். பாக்கியம் அக்காவிடம் இருந்தது பழைய பொத்தான் போன். முகம் தெரிய வேண்டுமென்றால் ஒரே வழி, பரீட்சைக்காக விடுதியில் தங்கியிருந்த வசந்தாவின் போன். "ஒண்ணும் கேக்காத. போனைச் சமையல்கட்டுக்குக் கொண்டு போ" என்றேன். அவள் வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றும் கேட்கவில்லை.

திரையில் கரண்டியும் கையுமாகப் பாக்கியம் அக்கா வந்தார். நாற்பது வருடத்துக்குப் பிறகு அக்கா தங்கையிடம் சொன்ன முதல் வார்த்தை: "என்னாடி இப்பிடிக் கறுத்துப் போயிட்ட?" பதில் உடனே வந்தது: "இங்க வெயிலு அப்பிடிக்கா. ஒம் பல்லெல்லாம் எங்க?" ராமாயி அம்மா தங்கையின் கன்னத்தைத் தொடுவதாக நினைத்துத் திரையைத் தொட்டார். இணைப்பு அறுந்தது. மறுபடி எடுத்துக் கொடுத்தேன், மறுபடியும் தொட்டார். மூன்றாம் முறை அவர் கையை நான் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் அவர் தங்கைக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்தார். ஆளுயர அண்டாக்கள், நாலு பெரிய அடுப்பு, மலையாகக் குவித்த முருங்கைக்காய். "அடியாத்தி! எம்புட்டுப் பெரிய அடுப்படி! நாஞ் சொல்லல, பெரிய பணக்காரியாயிட்டான்னு?" நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்தப் பக்கத்தில் வசந்தாவும், சாப்பாட்டுக்கு வந்த பிள்ளைகளும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாக்கியம் அக்கா ஒருமுறை அண்டாக்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "ஆமாக்கா. தெனம் நூத்தம்பது பேருக்கு நாந்தான் சோறு போடுறேன்."

தூள்

பயந்துகொண்டேதான் திருச்சிக்குத் திரும்பினேன். முதல் நாள் ஜன்னலில் எனக்குத் தேத்தண்ணீர் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள், ராமாயி அம்மா கொடுத்தனுப்பிய தேயிலைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். "கோவமாக்கா?" என்றேன். "ஒம்மேல என்னா கோவம்? இத்தன வருசமாப் பொத்தி வச்சத ஒரே மத்தியானத்துல எல்லாப் புள்ளைகளும் கேட்டுருச்சுக. அது அடங்கட்டும்னு இருந்தேன்" என்றார். பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தார். "அதே குப்பத் தூளு. இன்னும் அதையேதான் குடுக்குறானுகளா?" என்றபடி இரண்டு கை அள்ளிப் பெரிய பாத்திரத்தில் போட்டார்.

அன்று எல்லோருக்கும் வெறும் தேத்தண்ணீர். கையில் சீனி. பிள்ளைகள் அவரைச் சுற்றி நின்று, "அங்க பனி பெய்யுமாக்கா? அட்டை கடிக்குமாக்கா?" என்று கேட்க, என் உத்தியோகத்தில் பாதியை அவர் ஏற்றுக்கொண்டார். வசவாக ஒருத்தியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வசந்தா மட்டும், ஒட்டிய சீனியை நக்கிக்கொண்டே ஒரு நிர்வாகச் சிக்கலைக் கிளப்பினாள்: "இனிமே சிலோன்னு கூப்பிட்டா ரெண்டு பேரு திரும்புவீங்களே. ஒன்னய சின்ன சிலோன்னு வச்சுக்கலாமாடி?"

கடைசி நாள்

படிப்பு முடிந்து கிளம்பும் காலையில் பாக்கியம் அக்கா விடுதி வாசல் வரை வந்தார். செய்தித்தாளில் சுற்றிய பொதி ஒன்றைக் கொடுத்தார். அரக்கு நிறத்தில் ஒரு சுங்குடிச் சீலை. தடித்த கரை. ராமாயி அம்மாவோடு இப்போது வாரம் ஒருமுறை பேசுகிறார், ஆனால் சீலையைப் பற்றி இரண்டு பேருமே வாய் திறந்ததில்லை என்பது எனக்குத் தெரியும். "கொண்டு போய்க் குடுக்கிறேன். என்னா சொல்லணும்?" என்று கேட்டேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, கூடுதல் அப்பளம் கேட்பவர்களிடம் பேசும் அதே குரலில் சொன்னார்: "காயிதம் இப்பத்தான் கைக்குக் கெடச்சுச்சுன்னு சொல்லு. கலரு புடிக்கலேன்னா, அக்காவையே கெளம்பி வந்து மாத்திக்கிட்டுப் போகச் சொல்லு."

இப்போது பண்டாரவளையில் ஆறாந் தரத்துக்கு விஞ்ஞானம் படிப்பிக்கும் எனக்கு இங்கே "இந்தியா டீச்சர்" என்றும் அங்கே இன்னும் "சின்ன சிலோன்" என்றும் பெயர். இரண்டு நாட்டிலும் நான் அடுத்த நாட்டுக்காரிதான் என்றாலும், இரண்டிலும் எனக்குச் சீனியைத் தனியாகக் கொடுக்க ஆள் இருக்கிறது.