எங்கேகாட்டும் கறுப்பு வண்டியும்

பானட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் எஞ்சினைச் சுற்றி வருகிறார். வாடகைக்கு வீடு பார்க்க வந்தவரைப் போல மூலைமுடுக்கெல்லாம் எட்டிப் பார்க்கிறார், எதையும் தொடுவதில்லை. வண்டிக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டு, சத்தம் வருகிறது, திக்குகிறது, இழுவை இல்லை என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போகிறார். நம்மவர் ‘உம்’ கொட்டுகிறார். எல்லாம் சொல்லி முடிந்ததும் நிமிர்ந்து பார்த்து இரண்டே வார்த்தை: “எங்க, காட்டுங்க.”

காட்ட முடிந்தால் சரி. முடியாவிட்டால் வேலைச்சீட்டில் ‘குறை இல்லை’ என்று முத்து முத்தாக எழுதிச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். பதினெட்டு வருஷமாக இதே கதை. அதனால் பணிமனையில் அவருக்கு ‘எங்கேகாட்டு’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனால் ஒருநாள் தொலைபேசியில் யாரோ, “எங்கேகாட்டு இருக்காரா?” என்று கேட்க, அவரே எடுத்து, “இருக்கேன், சொல்லுங்க” என்று பதில் சொல்லியிருக்கிறார்.

ஐம்பத்திரண்டு வயசு, ஒடிசலான உடம்பு. நெற்றியில் ஒரு மூக்குக்கண்ணாடி, மூக்கில் ஒன்று, மூன்றாவதைத் தேடிக்கொண்டிருப்பார். சுற்றிலும் கிரீஸும் கரியுமாகக் கிடக்கும் இடத்தில் அவர் சட்டை மட்டும் பள்ளிக்கூடத்துக்குச் சோதனைக்கு வந்த அதிகாரியின் சட்டை மாதிரி இருக்கும். கழற்றுவதும் மாட்டுவதும் மற்றவர்கள் வேலை. கோளாறைக் கண்டுபிடிப்பது இவர் வேலை. கண்ணால் பார்க்காத கோளாறுக்கு ஒருவரையும் ஸ்பேனர் எடுக்க விடமாட்டார். “சந்தேகத்துக்கு மாத்துறதுக்கு இது என்ன சட்டையா?” என்பார்.

முதலாளி வேறு யாருமில்லை, மனைவியின் தம்பிதான். “மாமா, வந்தவங்கள சும்மா அனுப்பாதீங்க, எதையாவது மாத்தி விடுங்க மாமா” என்று தலையில் அடித்துக்கொள்வான். வெளியே போனால், “எங்க மாமா பாத்து அனுப்புன வண்டி திரும்பி வராது” என்று அதே வாயால் பெருமை அடித்துக்கொள்வான். இரண்டையும் கேட்டும் கேட்காததுபோல் இருக்க நம்மவர் நன்றாகப் பழகியிருக்கிறார்.

வீட்டிலும் இதே சட்டம்தான். மகள் காய்ச்சல் என்று படுத்தால் தெர்மாமீட்டர் சொன்ன பிறகுதான் நம்புவார். மனைவி, “முதுகு பிடிச்சுக்கிச்சுங்க” என்றால், “எங்க?” என்று குனிந்து பார்ப்பார். முதுகில் என்ன, சிவப்பு விளக்கா எரியும்? “போங்க, போயி உங்க வண்டியவே பாருங்க” என்று அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அவர் பிரேக் போடமாட்டார். தொலைவில் ஒரு மாடு தலையைத் திருப்பினாலே காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்துவிடுவார். வண்டி தானாக வேகம் தணிந்து, மாடு போய்ச் சேர்ந்தபின் பூப்போல நகரும். “பிரேக்குங்கறது முன்கூட்டி யோசிக்காதவனுக்கு வெச்ச சமாசாரம்” என்பது அவர் கட்சி. தன் சொந்த வண்டிக்கு ஒன்பது வருஷத்தில் ஒரே ஒருமுறைதான் பிரேக் கட்டை மாற்றியதாகக் கேட்காதவர்களுக்கும் சொல்வார். நல்ல பழக்கம்தான், யார் இல்லையென்றது? அந்த நல்ல பழக்கம்தான் அவர் மூக்கை உடைத்தது.

உடைத்தது ஒரு கறுப்பு வண்டி. கப்பல் மாதிரி நீளம், தோல் இருக்கைகள், கதவைச் சாத்தினால் புத்தகத்தை மூடுகிற சத்தம். சொந்தக்காரர் ஒரு கட்டட ஒப்பந்ததாரர். ஓட்டுவது பெரும்பாலும் அவர் மனைவி, பல் டாக்டர். செவ்வாயும் வெள்ளியும் மலைமேல் இருக்கும் தன் சின்ன கிளினிக்குக்கு டாக்டரம்மா அதில் போய்வருவார். மேலே பல்லுக்கு வேறு வைத்தியம் கிடையாது. டாக்டரம்மா போகாத வாரம் அங்குள்ளவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த வாரத்துக்குக் காத்திருப்பார்கள்.

“ஏறும்போது திடீர்னு செத்துப்போயிடுது” என்றார் டாக்டரம்மா. “மிதிக்கிறேன், போகவே மாட்டேங்குது. ஒரு விளக்கு எரியுது. ஓரங்கட்டி, அணைச்சு, மறுபடி எடுத்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது.”

அந்த வண்டிக்கு டர்போ உண்டு. எஞ்சின் வெளியே விடும் புகையே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றும்; அது வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும்; வண்டி பறக்கும். எவ்வளவு தள்ளுவது என்பதை ஒரு சிறு கதவு பார்த்துக்கொள்கிறது. அந்தக் கதவை இழுத்துப் பிடிப்பது வெற்றிடம். மெல்லிய ரப்பர் குழாய்களுக்குள் இருக்கும் காற்றை ஒரு பம்ப் உறிஞ்சி வைத்திருக்கும். அந்த உறிஞ்சல் இருக்கும்வரை கதவு சொன்ன பேச்சைக் கேட்கும். எங்கேயோ எப்போதோ அந்தக் கதவு கைநழுவிப் போகிறது. கணினியை மாட்டிப் பார்த்தபோது, காற்றழுத்தம் குறைந்ததாக ஒரு பழைய பதிவு இருந்தது. ஒருமுறை வந்திருக்கிறது, போயிருக்கிறது. அவ்வளவுதான்.

நம்மவர் குழாய்களுக்குள் புகை விட்டுப் பார்த்தார்; எங்கும் கசியவில்லை. கணினியைப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு தானே மலையேறினார். எஞ்சின் கேட்ட அழுத்தமும் அதற்குக் கிடைத்த அழுத்தமும் திரையில் இரண்டு கோடுகளாக, ரயில் தண்டவாளம் போலச் சேர்ந்தே போயின. ‘குறை இல்லை’ என்று எழுதினார். பத்து நாளில் வண்டி திரும்பி வந்தது. மறுபடி ஏறினார், மறுபடி எழுதினார். மூன்றாவது முறையும் அதே கதை.

மூன்றாவது முறை ஒப்பந்ததாரரும் கூடவே வந்திருந்தார். “நான் ஓட்டுனா வரல. இவர் ஓட்டுனா வரல. இவ ஓட்டுனா மட்டும் வருது. அப்ப கோளாறு வண்டில இல்ல” என்று சிரித்தார். இன்னொரு தடவை குறை இல்லை என்று சீட்டு வந்தால், சாவியைத் தான் வாங்கி வைத்துக்கொள்வதாகவும், மலைக் கிளினிக்கைப் பூட்டிவிட வேண்டியதுதான் என்றும் சொன்னார். “வயசாகுதுல்ல, பதட்டப்படுறா” என்று மச்சினனைப் பார்த்துக் கண்ணடித்தார். மச்சினன் முதலாளி அல்லவா, கூடச் சிரித்தான்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. நேராக நம்மவரிடம் வந்தார். “எங்கிட்ட வர்றவங்களுக்கும் நாற்காலில உக்காந்ததும் வலி போயிடும். அதுக்காகப் பல்லு நல்லாருக்குன்னு வீட்டுக்கு அனுப்பிடுவேனா?” என்று கேட்டுவிட்டுப் போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டார். வண்டி அன்று பணிமனையிலேயே நின்றிருக்க வேண்டும். ஆனால் காட்ட ஒன்றும் இல்லாததால் நம்மவர் அனுப்பிவிட்டார். பாவம், சட்டம் சட்டம்தானே!

மறுநாள் காலை வீட்டில் மிக்ஸி தகராறு. அந்த மிக்ஸி பாதியில் நின்றுவிடுகிறது என்று மனைவி ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இவர் இரண்டு முறை போட்டுப் பார்த்து, “நல்லாத்தானே ஓடுது” என்று சொல்லிவிட்டார். மூன்றாவது முறை பொத்தானைத் திருகியபோது அவள் கையில் இருந்த கரண்டியைத் தொப்பென்று வைத்தாள்.

“வெறும் ஜார வெச்சு ஓட்டிட்டு நல்லாருக்குன்னா? நான் என்ன வெறும் ஜாரையா அரைக்கிறேன்? ஒருநாளாவது நான் அரைக்கிறப்ப பக்கத்துல நின்னு பாத்திருக்கீங்களா நீங்க?”

நின்றார். அவள் ஜாரை முக்கால்வாசி நிரப்பி மூடியை அழுத்திப் பிடித்துத் திருகினாள். மிக்ஸி முனகியது, அரை நிமிஷத்தில் கப்சிப். கம்பி கருகிய வாடை வந்தது. “பாத்தீங்களா?” என்றாள். அவர் குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு, டாக்டரம்மாவுக்கு போன் போட்டார்.

“மேடம், வெள்ளிக்கிழமை நீங்கதான் ஓட்டணும். நான் சும்மா பக்கத்துல உக்காந்திருப்பேன்.”

வெள்ளிக்கிழமை பின்சீட்டில் ஒப்பந்ததாரரும் ஏறிக்கொண்டார், வேடிக்கை பார்க்க. டாக்டரம்மா கண்ணாடியைச் சரிசெய்து, பெல்ட்டைப் போட்டு, நிதானமாக எடுத்தார். சந்தையைத் தாண்டும்போது பிரேக்கை ஒரு தொடு. பள்ளிக்கூட வாசலில் ஒரு தொடு. மலைப்பாதை தொடங்கியதும் ஒவ்வொரு வளைவுக்கும் இரண்டு தொடு. சூடான தோசைக்கல்லை விரலால் பார்க்கிற மாதிரி, தொட்டுத் தொட்டு எடுத்தார். ஒவ்வொரு தொடலுக்கும் நம்மவருக்கு உடம்பு கூசியது. பல்லைக் கடித்துக்கொண்டு மடியில் இருந்த கணினியைப் பார்த்தார்.

“எதுக்கு இத்தன பிரேக்கு?” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

“வளைவு தெரியுது, அதான்” என்றார் டாக்டரம்மா.

நான்காவது வளைவில் முன்னால் ஒரு தண்ணீர் லாரி. கொஞ்ச தூரம் அதன் பின்னாலேயே, பிரேக்கைத் தொட்டுக்கொண்டே போனார். பாதை நீண்டு நேராகத் தெரிந்ததும் வலப்பக்கம் ஒடித்து மிதித்தார். வண்டி ஒரு முழம் பாய்ந்தது, அப்படியே உட்கார்ந்துவிட்டது. கணினியில் இரண்டு கோடுகளும் கையை உதறிக்கொண்டு பிரிந்தன. விளக்கு எரிந்தது. எதிரே மேட்டிலிருந்து ஒரு பஸ் இறங்கிக்கொண்டிருந்தது.

“ஐயோ, போ! போ!” என்று ஒப்பந்ததாரர் அலறினார். டாக்டரம்மா போகவில்லை. காலை எடுத்து, லாரிக்குப் பின்னால் சரியாகப் பழைய இடத்துக்கு வண்டியைக் கொண்டுவந்து சேர்த்தார். பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டு கடந்துபோனது. மூன்று மாதமாக இந்த அம்மாள் தனியாக, வாரம் இரண்டு முறை, இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறார் என்று நம்மவருக்கு அப்போதுதான் உறைத்தது.

“இதான்” என்றார் டாக்டரம்மா.

நம்மவர் விடவில்லை. ஓரங்கட்டச் சொல்லி, அணைத்து எடுக்கச் சொல்லி, பிரேக்கைத் தொடாமல் ஏறச் சொன்னார், வண்டி பறந்தது. தொட்டுத் தொட்டு ஏறச் சொன்னார், உட்கார்ந்தது. மூன்று முறை மாற்றி மாற்றிப் பார்த்தும் சொல்லிவைத்தாற்போல அதே கதை! “அட ராமா” என்று தன் நெற்றியில் தானே தட்டிக்கொண்டார். நெற்றிக்கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது.

பணிமனைக்கு வந்ததும் குழாய்களுக்கு நடுவிலிருந்து கட்டைவிரல் நுனி அளவுள்ள ஒரு வால்வைக் கழற்றி எடுத்தார். பிரேக்கை மிதிக்கும்போது காலுக்கு உதவி செய்வதும் அதே பம்ப்தான், அதே வெற்றிடம்தான். பிரேக் வாங்கிக்கொண்டது போக டர்போவுக்கென்று சேர்த்து வைத்த பங்கு திரும்பி ஓடிவிடாமல் காப்பது அந்த ஒருவழி வால்வு. அது தேய்ந்துபோயிருந்தது. கசிவு வெளியே இல்லை, உள்ளுக்குள்ளேயே ஒரு குழாயிலிருந்து இன்னொன்றுக்கு. புகைவிட்டால் எங்கே தெரியும்?

“இந்தப் பக்கம் ஊதுனா போகணும். அந்தப் பக்கம் ஊதுனா போகக்கூடாது. நீங்களே ஊதிப் பாருங்க சார்” என்று ஒப்பந்ததாரரிடம் கொடுத்தார். டாக்டரம்மா குறுக்கே வந்து அதை வாங்கி, பையிலிருந்து பஞ்சை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். ஒப்பந்ததாரர் கன்னம் உப்ப இரண்டு பக்கமும் ஊதினார். இரண்டு பக்கமும் போயிற்று.

வால்வைக் கையில் உருட்டிக்கொண்டே ஒப்பந்ததாரர் தப்பிக்க ஒரு வழி கண்டுபிடித்தார். “அப்ப இவ பிரேக்க தொட்டுத் தொட்டு ஓட்டுனதாலதான் வந்துச்சு? நான் சொன்னது சரிதானே? ஓட்டுறதுலதான் கோளாறு.”

“அதுவும் ஒரு காரணம்தான் சார்” என்று மச்சினன் முந்திக்கொண்டான்.

எல்லோரும் நம்மவரைப் பார்த்தார்கள். ஒரு தலையாட்டல் போதும். ஒப்பந்ததாரர் மனம் குளிரும், மச்சினன் மனம் குளிரும். தான் எழுதிய மூன்று சீட்டுகளும் மானத்தோடு பிழைத்துக்கொள்ளும். டாக்டரம்மா மட்டும் பஞ்சைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நின்றார். மலைக் கிளினிக்கின் சாவியும் அந்தத் தலையாட்டலில்தான் இருந்தது.

“பிரேக்கு பிடிக்கிறதுக்குத்தான் சார் வெச்சிருக்காங்க” என்றார் நம்மவர். “மேடம் ஓட்டுறது சரி. நான் மூணு தடவ ஏறினேன், ஒரு தடவகூட பிரேக்க தொடல. தொட்டிருந்தா மொத நாளே வந்திருக்கும். தப்பு என் மேலதான்.”

மச்சினன் வாயைப் பிளந்தான். பதினெட்டு வருஷத்தில் மாமா வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை அவன் கேட்டதில்லை. ஒப்பந்ததாரர் வால்வை மேஜைமேல் வைத்துவிட்டுத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணியில் அப்படி என்ன விசேஷமோ!

புது வால்வு மாட்டி முடித்ததும் நம்மவர் வேலைச்சீட்டை எழுதிக் கொண்டுவந்தார். அதன் அடியில் ‘குறையைக் கண்டுபிடித்தவர்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் அவர் ஒருவர் கையெழுத்தைத் தவிர வேறொன்று இதுவரை விழுந்ததில்லை. முதலாளியேயானாலும் மச்சினனைக்கூட அதில் பேனா வைக்க விட்டதில்லை. வழக்கமாக வாடிக்கையாளர் போடும் கையெழுத்துதான் என்று நினைத்து ஒப்பந்ததாரர் கையை நீட்டினார். பேனா அந்தக் கையைத் தாண்டி டாக்டரம்மாவிடம் போயிற்று.

டாக்டரம்மா சீட்டைப் படித்தார். “இதுலயா? நானா?” என்றார்.

நம்மவர் அந்தக் கட்டத்தின்மேல் விரலை வைத்து, எடுக்காமல் நின்றார்.